உங்கள் மோட்டார்சைக்கிளுக்கு எந்த ஜாக்கி?

காலை நிகழ்ச்சி படைக்கும் வானொலிப் படைப்பாளருக்கு முதல் ரயில் உதவாது. சைனாடவுன் வீட்டிலிருந்து நான் கீழே இறங்கும்போது மணி அதிகாலை நாலரை. சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது தெருவில் நானும் என் மோட்டார்சைக்கிளும் மட்டும்தான். வழியில் செயின் கழன்றால், அன்று காலை உங்கள் வீட்டு வானொலியில் என் குரல் வராது. அதனால்தான் செயினை நானே கவனித்துக்கொள்ளப் பழகினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2022ல் மோட்டார்சைக்கிளுக்கான வாகன உரிமைச் சான்றிதழ்க் கட்டணமே 10,000 வெள்ளியைத் தாண்டியது. அந்த விலை கொடுத்து வாங்கும் வண்டியைப் பத்தாண்டுகள் நல்லபடியாக ஓட்ட வேண்டாமா?

செயினுக்கு எண்ணெய் விடுவதற்குப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிச் சுழன்றால் வசதி. கப்சாய் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. பெரும்பாலான கப்சாய்களில் டபுள் ஸ்டாண்டு இருக்கும். என்னுடையது 400 சிசி, ஏறத்தாழ 200 கிலோ எடை. சைடு ஸ்டாண்டு மட்டுமே உண்டு. எனவே ஜாக்கி தேடிப் புறப்பட்டேன்.

மாமா வீட்டு முற்றத்தில்

“எத்தனை கிலோ தூக்கும்?” கடையில் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான். கத்தரி ஜாக்கி ஒன்றில் 500 கிலோ என்று எழுதியிருந்தது. என் வண்டியின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வாங்கிவிட்டேன்.

அந்த வார இறுதியில் ஜோகூர் பாருவில் மாமா வீட்டு முற்றத்தில் வேலையை ஆரம்பித்தேன். வண்டியின் அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். நன்றாகத்தான் தூக்கியது. செயினை இறுக்குவதற்காகப் பின்சக்கர அச்சின் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். அது அசையவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். நட்டுக்குப் பதிலாக வண்டி அசைந்தது. பிடிப்பதற்குள் மறுபக்கம் சாய்ந்து விழுந்தது.

கண்ணாடியும் பிரேக் பிடியும் உடைந்தன. அதுவல்ல பெரிய விஷயம். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை மாமாவின் ஐந்து வயதுப் பேரன் அதே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். அத்தை மைலோ குடிக்க அழைத்ததால் உள்ளே போயிருந்தான்.

மாமா பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். என்னைத் திட்டவில்லை. “ஜாக்கி தூக்கும்ப்பா, பிடிக்காது. பிடிக்கிறதுக்கு நீ என்ன வெச்சிருந்தே?” என்று மட்டும் கேட்டார்.

நான் செய்த தவறுகளையும் அவரே எண்ணிக் காட்டினார். மழைநீர் ஓடுவதற்காக முற்றம் சற்றுச் சரிவாகக் கட்டப்பட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. இறுக்கமான நட்டை, வண்டி இரு சக்கரங்களிலும் நிற்கும்போதே தளர்த்தியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 200 கிலோ வண்டியைக் கையகல இடத்தில் நிறுத்திவிட்டு வேறு பிடிமானம் எதுவும் வைக்கவில்லை.

எது யாருக்கு?

அதன்பிறகு கடைக்குப் போனபோது கேள்வியை மாற்றிக்கொண்டேன். வண்டியின் எந்த இடத்தை இது தொடும்? தூக்கிய பிறகு எத்தனை இடங்களில் ஊன்றி நிற்கும்? வேலை முடிந்ததும் எங்கே வைப்பது?

கத்தரி ஜாக்கி, அடியில் உறுதியான, தட்டையான சட்டம் உள்ள வண்டிகளுக்கு ஏற்றது. புகைக்குழாயோ எண்ணெய் வடிகட்டியோ வழியில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். பொருந்தினாலும் வார்ப்பட்டை கொண்டு வண்டியை இருபுறமும் கட்டிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பேடக் ஸ்டாண்டு, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங் ஆர்மை இருபுறமும் தாங்கித் தூக்கும். அடிப்பாகம் அகலம் என்பதால் உறுதியாக நிற்கும். சக்கரத்தைக் கழற்றுபவர்களுக்கு இதுதான் சிறந்தது. சுவிங் ஆர்மில் திருகுத் துளை இருந்தால் அதில் உருளை பொருத்தலாம். துளை 6, 8, 10 மில்லிமீட்டர் என வண்டிக்கு வண்டி மாறும், அளந்துகொண்டு போங்கள். துளை இல்லாத வண்டிக்கு ரப்பர் தாங்கி வைத்த ஸ்டாண்டு கிடைக்கும். முதல் சில முறை இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பட்டறைகளில் காணும் மேசை லிஃப்ட், வண்டியை இடுப்புயரத்துக்கு ஏற்றிவிடும். முதுகுக்குச் சுகம். ஆனால், ஒரு வண்டியின் நீளத்துக்கு இடம் வேண்டும். நம்மில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் வசிக்கும் வீவக வீடுகளில் அதற்கு ஏது இடம்?

கடைசியாக, நான் வாங்கியது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு முட்டுக்கம்பு. இடப்புறம் சைடு ஸ்டாண்டு ஊன்றியிருக்க, வலப்புறம் சுவிங் ஆர்மின் அடியில் கம்பைக் கொடுத்தால் பின்சக்கரம் விரலளவு எழும்பும். முன்சக்கரம், சைடு ஸ்டாண்டு, கம்பு என முக்காலிபோல் மூன்று இடங்களில் வண்டி நிற்கும். முன்பிரேக்கைப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். செயினைத் துடைக்கவும் எண்ணெய் விடவும் மட்டுமே இது உதவும். நட்டைத் தளர்த்தவோ சக்கரத்தைக் கழற்றவோ இதை நம்பாதீர்கள்.

சைனாடவுனிலிருந்து டௌன்டவுன் ரயில் பாதையில் மூன்றாவது நிறுத்தம் ஜாலான் புசார். அங்குள்ள கடையில் வாங்கிய கம்பைப் பைக்குள் வைத்து ரயிலிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேடக் ஸ்டாண்டு வாங்கியிருந்தால் முடிந்திருக்காது. அதை வீட்டுக்கு வெளியே நடைபாதையிலும் போட்டுவைக்க முடியாது; ஆபத்து நேரத்தில் மக்கள் வெளியேற அங்கே 1.2 மீட்டர் வழி விட வேண்டும்.

தொடங்கும் முன்

புளோக்கின் கார் நிறுத்துமிடம் பட்டறை அல்ல. அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள். தரையில் ஒரு சொட்டு எண்ணெயும் சிந்தாமல் பழைய அட்டையை விரித்துக்கொள்ளுங்கள். பிரித்து மாட்டும் வேலையைப் பட்டறைக்கு விடுங்கள். மூன்றாண்டுகளைக் கடந்த வண்டி ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியிருப்பதால் அப்போது சேர்த்தே செய்துவிடலாம்.

எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். கையால் சுழற்றினால் போதும்.

எந்த ஜாக்கியும் வாங்க மனமில்லையா? வண்டியைச் சிறிது உருட்டி, தெரியும் பகுதிக்கு எண்ணெய் விட்டு, மறுபடி உருட்டுங்கள். மூன்று நான்கு தடவையில் முழுச் செயினும் முடிந்துவிடும். சற்று நேரமாகும், செலவில்லை.

இப்போதும் மாமா வீட்டுக்குப் போனால் முற்றத்தில் வண்டியைப் பார்ப்பேன். முதல் வேலையாக மட்டப்பலகையைத் தரையில் வைத்துச் சரிவு பார்க்கிறேன். மாமாவின் பேரன் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால், வாசற்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கேட்கவேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.