முகம் பார்க்கும் வெளிச்சம் – 7: ஒரே ஒரு குடை

போன வாரம் ஜன்னல் வெளிச்சத்தோடு நிறுத்தியிருந்தோம். ஜன்னலுக்கு ஒரே குறை, ஆறு மணிக்கு மேல் அது வேலை செய்யாது. கேமரா வைத்திருப்பவர்களுக்கு லைட் வாங்கும் ஆசை வருவதும் அப்போதுதான். ஆசை வந்ததும் முக்கால்வாசிப் பேர் போய் நிற்கிற இடமும் ஒன்றே: இரண்டு ஸ்டாண்டு, இரண்டு சாஃப்ட்பாக்ஸ், இரண்டு பெரிய பல்பு, எல்லாம் போட்டுக்கொள்ள ஒரு பை. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும். விளம்பரப் படத்தில் ஸ்டுடியோவே வீட்டுக்கு வந்துவிட்டதுபோல இருக்கும்.

வாங்காதீர்கள்.

அந்த செட்டில் வருவது பெரும்பாலும் வீட்டு ஹோல்டரில் மாட்டுகிற அதே வகை பல்புதான், உருவம் மட்டும் பெரிது. கண் கூசும், ஆனால் கேமராவுக்குப் பற்றாது. ஷட்டரை மெதுவாக்க வேண்டும், இல்லையென்றால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். முதலாவதில் குழந்தை அசைந்துவிடும். இரண்டாவதில் படம் பொரிந்துவிடும். ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, ஏன் எல்லோருக்கும் இரண்டு லைட் வேண்டியிருக்கிறது? தெருமுனை ஸ்டுடியோவில் பார்த்துப் பழகியதுதான் காரணம். ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் ஒரு குடை, அந்தப் பக்கம் ஒரு குடை. யார் வந்து உட்கார்ந்தாலும் இரண்டு நிமிடத்தில் நிழலே விழாத பாஸ்போர்ட் போட்டோ வந்துவிடும். அந்த வேலைக்கு அதுதான் சரி. ஆனால் மூக்கு, கன்னம், தாடை என்று முகத்துக்கு மேடு பள்ளம் கொடுப்பது நிழல். அதைத் துடைத்தெடுக்கத்தான் இரண்டாவது குடை. போர்ட்ரெய்ட் பழக வந்தவர் அதற்குக் காசு கொடுப்பானேன்?

நான் சொல்லும் பட்டியல் சின்னது. மேனுவல் ஸ்பீட்லைட் ஒன்று, அதற்கு ரேடியோ ட்ரிக்கர், ஒன்பதடி ஸ்டாண்டு, குடையும் ஃபிளாஷும் சேர்த்து மாட்ட ஒரு பிராக்கெட், 43 இஞ்ச் குடை, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தெர்மாகோல் அட்டை. எல்லாம் சேர்த்து சுமார் 15,000 ரூபாய் ஆகும். விசாரித்து வாங்கினால் இன்னும் குறையலாம்.

ஸ்பீட்லைட்டில் கோடாக்ஸ் டிடி600 நல்ல தொடக்கம். ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருப்பதால் தனியாக ஒன்று வாங்கிச் செருக வேண்டியதில்லை. ஆனால் அதே கம்பெனியின் ட்ரிக்கராக இருக்க வேண்டும், அதுவும் உங்கள் கேமராவுக்கென்று வருகிற மாடலாக. சோனிக்காரர்கள் டிடி600எஸ் என்று கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தைத் தானே கணக்கிடும் டிடிஎல் மாடலுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பின்னால் ஓடுபவருக்கு அது தேவை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எடுக்கத் தேவையில்லை. கைடு நம்பர் 60 என்று பெட்டியில் போட்டிருப்பதையும் பார்த்து மயங்க வேண்டாம். தலையை 200 எம்எம் ஜூமுக்கு நீட்டி, வெளிச்சத்தைக் குறுக்கி அளந்த எண் அது. குடைக்குள் அடிக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. அப்பா காலத்து ஃபிளாஷ் பரணில் இருக்கிறதே என்று எடுத்து டிஜிட்டல் கேமரா தலையில் செருகிவிடாதீர்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் ட்ரிக்கர் வோல்டேஜ் 200-ஐத் தாண்டும். கேமராவின் சர்க்யூட் போய்விடலாம். பேட்டரி ரீசார்ஜ் ஆகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையாக, இரண்டு செட் இருக்கட்டும்.

இப்போது குடைக்கு வருவோம். பணம் பேச வேண்டிய இடம் இதுதான். ஃபிளாஷின் முகப்பு உள்ளங்கை அகலம்கூட இல்லை. மாநிறமோ கறுப்போ, நம் தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல் விழும் மினுமினுப்பு. அந்த மினுமினுப்பு வேறொன்றுமில்லை, விளக்கின் பிரதிபலிப்பு. விளக்கு சின்னதாக இருந்தால் நெற்றியில் வெள்ளைப் புள்ளியாகக் குத்தும். எண்ணெய் வழிகிறது என்று டச்சப் பவுடரைத் தேடுவோம். அதே ஃபிளாஷைக் குடைக்குள் அடித்தால் நெற்றியிலிருந்து கன்னம்வரை மெல்லிய பட்டையாகப் படரும். கறுப்பு கறுப்பாகவே களையாக இருக்கும். இது தெரியாதவர்கள்தான் பவரை ஏற்றி ஏற்றி ஆளை வெளுக்கவைக்கிறார்கள். நம்மூர் கல்யாண ஆல்பங்களின் பெரிய பாவம் அது என்பது என் கட்சி.

1956-ல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காக, காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டிருந்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வானம்போல வெள்ளைத் துணியைச் சட்டமடித்துக் கட்டி, கீழேயிருந்து விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். காசை வாட்ஸில் போடாமல் துணியில் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

குடை வாங்கும்போது வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் வெள்ளை அல்லது வெள்ளியாக இருப்பதைக் கேளுங்கள். வெள்ளைத் துணி ஊடாக அடிக்கும் குடை விலை குறைவுதான், ஆனால் அறை முழுக்க வெளிச்சத்தை இறைக்கும். உங்கள் வீட்டுச் சுவர் இளம்பச்சையாக இருந்தால் காதோரம் பச்சை ஏறும். ரோஸ் என்றால் ரோஸ். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முகத்துக்கு ஒரு மீட்டரில் குடை, அதே குடையிலிருந்து சுவர் மூன்று மீட்டரில் என்று வைத்துப் பாருங்கள். முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். வெள்ளைச் சுவர் அடர் சாம்பலாகிவிடும். குடையை முகத்திலிருந்து மூன்று மீட்டருக்குத் தள்ளினால் சுவர் ஐந்து மீட்டரில் இருக்கும், முகத்து வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே அதற்குக் கிடைக்கும். குடையை நகர்த்தியே பின்னணியை மாற்றலாம். ஆரம்பிக்க, குடையைப் பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்மட்டத்துக்கு மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாயுங்கள். கண்ணாடி போட்டவர் என்றால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். எதிர்ப்பக்கம் தெர்மாகோல். நிழல் அதிகம் என்று தோன்றினால் கிட்டே கொண்டுபோங்கள். இன்னும் நிழல் வேண்டுமானால் அதை எடுத்துவிட்டுக் கறுப்பு சார்ட் பேப்பர் வையுங்கள். சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், அந்தக் காற்று ஒன்றே குடையைச் சாய்க்கப் போதும். ஸ்டாண்டின் காலில் இரண்டு செங்கல் போட்ட பையைத் தொங்கவிட்டால் நிம்மதி.

வீடியோவும் எடுப்பேன் என்பவர்கள் ஃபிளாஷுக்குப் பதில் 60 வாட்ஸ் எல்இடி ஒன்று வாங்கலாம். போவன்ஸ் மவுன்ட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த பிரிட்டிஷ் கம்பெனி 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் மவுன்ட்டை ஊரே எடுத்துக்கொண்டதால், பின்னால் வாங்கும் சாஃப்ட்பாக்ஸ் பெரும்பாலும் பொருந்தும். லைட்டுக்குள் ஓடும் ஃபேனின் சத்தம் மைக்கில் விழும் என்பதால் கடையிலேயே போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது லைட் எப்போது? கறுப்புக் கூந்தல் இருண்ட பின்னணியோடு ஒட்டிக்கொண்டு, தலை எங்கே முடிகிறது என்றே தெரியாத படம் ஒன்று உங்களிடம் வரும். அப்போது, பின்னாலிருந்து முடிக்கு மட்டும் அடிக்க, அதே கம்பெனி ஸ்பீட்லைட் இன்னொன்று. ட்ரிக்கர் அதே போதும்.

(அடுத்த வாரம்: பின்னணிக்கு எந்தத் துணி?)