கொட்டினால் தீருமா கோபம்?

எங்கள் தெருமுனை டீக்கடையில் போன மாதம் ஒரு தகராறு. சரக்கு ஆட்டோ ஒன்று பின்னால் எடுத்தபோது, ஓரமாக நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியை உரசிவிட்டது. கண்ணாடி உடையக்கூட இல்லை. திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான். ஸ்கூட்டர்காரர் பாதி டீயை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். பத்து நிமிடம் கத்தினார். ஆட்டோக்காரரின் தாயார் வரைக்கும் பேச்சு போய்வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “விடுங்க தம்பி, மனசுல இருக்கறதைக் கொட்டிட்டான்ல, இனிமே ஆள் சரியாயிடுவான்.”

ஸ்கூட்டர்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கால்மணி நேரத்தில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

பெரியவரைக் குறை சொல்ல முடியாது. நாமும் அப்படித்தான் நம்புகிறோம். ‘அடக்கி வெச்சா வெடிச்சிடும்’, ‘கத்தித் தீர்த்துடு’ என்றெல்லாம் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். அந்த நம்பிக்கை சரியா என்று இன்றைக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

அதற்கு முன் மூன்று சொற்களைப் பிரித்துவைத்துக்கொள்வோம். கோபம் ஓர் உணர்வு. அது உள்ளேயே இருந்துவிட்டுப் போகலாம். தாக்குதல் ஒரு செயல்: இன்னொருவருக்கு வலிக்க வேண்டும் என்றே செய்வது. கையால்தான் என்றில்லை, சொல்லாலும் செய்யலாம். பல் டாக்டர் பிடுங்கும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, ஆனால் அது தாக்குதலில் சேராது. வலிக்கவைப்பது அவர் நோக்கமில்லை. அந்தத் தாக்குதல் உடம்பைச் சிதைக்கும் அளவுக்குப் போனால் வன்முறை. கோபமே இல்லாமல் திட்டமிட்டுச் செய்யும் வன்முறையும் உண்டு. கூலிக்குக் கொல்பவனுக்குக் கோபம் தேவையில்லை. அது வேறு கதை. நாம் டீக்கடைச் சண்டையோடு நிற்போம்.

டீக்கடைச் சண்டை சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. என்ன காரணம் என்று பிரித்தால் முதலிடத்தில் இருப்பது ‘தகராறு’ என்ற தலைப்பு: 9,962. பணம், பொருள் என்று ஆதாயத்துக்காக நடந்தவை 1,884தான். சினிமா பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். அமெரிக்காவில் மார்வின் உல்ஃப்கேங் என்ற குற்றவியல் அறிஞர், 1948 முதல் 1952 வரை பிலடெல்பியா நகரில் கொல்லப்பட்ட 588 பேரின் போலீஸ் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரு வசவு, ஒரு தள்ளல் என்று உப்புப்பெறாத விஷயத்தில் தொடங்கியவை. கண்ணாடி உரசிய கதைகள்தாம்.

சரி, கோபம் வரும்போது உள்ளே என்ன நடக்கிறது? மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாதாம் என்றே பொருள். வாசலில் கட்டிய நாய் மாதிரி அது. வருவது திருடனா தபால்காரரா என்று விசாரிக்காது, முதலில் குரைத்துவிடும். குரைத்ததும் சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரீனலின் ரத்தத்தில் இறங்குகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது, முகம் சிவக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி, வீட்டுக்காரர் மாதிரி, எழுந்து வந்து ‘யாருன்னு பார்க்கலாம், சும்மா இரு’ என்று அதட்ட வேண்டும். அவர் வருவதற்குச் சற்று நேரம் ஆகும். குடித்திருந்தால் அவர் வருவதே சந்தேகம்.

இதில் ஒன்றைக் குறித்துக்கொள்வோம். நாய் குரைப்பதை நிறுத்தினாலும் ரத்தத்தில் இறங்கியது உடனே வடிந்துவிடாது. தோசை சுட்டு முடித்து அடுப்பை அணைத்த பிறகும் கல் சுடுகிறதே, அந்த மாதிரி. அந்தச் சமயம் பார்த்து யார் கல்லில் கை வைத்தாலும் சுடும். அலுவலகத்தில் ஏறிய சூட்டை வீட்டில் பென்சில் தொலைத்த பிள்ளை வாங்கிக்கொள்வது இப்படித்தான்.

இப்போது பெரியவர் சொன்னதற்கு வருவோம். அவர் மனதில் இருக்கும் படம் பிரஷர் குக்கர். உள்ளே ஆவி சேர்கிறது. வெயிட்டைத் தூக்கிக்கொண்டு விசில் அடித்தால் அழுத்தம் குறைகிறது. அடிக்கவிடாமல் அமுக்கினால் வெடிக்கும். இந்தப் படம் பெரியவருடையது மட்டுமில்லை. நீராவி எஞ்சின் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1895-இல், வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டும் யோசெஃப் பிராய்யரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். வெளியேறாமல் அடைபட்ட உணர்வே நோயாகிறது, அதை வெளியேற்றினால் நோய் தீரும் என்பது அதன் சாரம். அந்த வெளியேற்றத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல் கதார்சிஸ். மருத்துவத்தில் அதற்குப் பேதி என்று அர்த்தம். பள்ளி விடுமுறையில் நம் பாட்டிமார் விளக்கெண்ணெயோடு துரத்தினார்களே, அதே சங்கதி. பிறகு கான்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் 1963-இல், தாக்கும் உந்துதல் தொட்டியில் தண்ணீர் நிறைவது போலத் தானாகவே உள்ளே ஊறுகிறது என்று எழுதினார். அவருக்குப் பத்து வருடம் கழித்து நோபல் பரிசும் கிடைத்தது. அது வேறு வேலைகளையும் சேர்த்து. படம் அப்படியே ஊருக்குள் இறங்கிவிட்டது. இன்றைக்கு டோக்கியோ தொடங்கிப் பல நகரங்களில், காசு கொடுத்துப் பாட்டிலும் பழைய டிவியும் உடைத்துவிட்டு வர அறைகளே இருக்கின்றன.

படம் சரியாக இருந்தால் சோதனையில் தெரிய வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் அதைச் செய்து பார்த்தார். 2002-இல் வெளிவந்த ஆய்வு. கல்லூரி மாணவர்கள் 600 பேர், ஆண்கள் பாதி, பெண்கள் பாதி. ஒவ்வொருவரையும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘இன்னொரு மாணவர்’ அதைத் திருத்தி, நான் படித்ததிலேயே மோசமான கட்டுரைகளில் இது ஒன்று என்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். அப்படி ஓர் ஆளே கிடையாது, கோபப்படுத்தத்தான். பிறகு மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம், திட்டியவரின் முகத்தை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியது. இன்னொன்று, உடம்பு தேறும் என்று நினைத்துக்கொண்டு குத்தியது. மூன்றாவது கூட்டத்துக்கு எந்த வேலையும் இல்லை. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில், திட்டிய ஆளின் காதில் ஹெட்போன் வழியே இரைச்சல் பாய்ச்ச ஒரு வாய்ப்பு. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பது அவரவர் இஷ்டம்.

குக்கர் சரியென்றால், முகத்தை நினைத்துக் குத்தித் தீர்த்தவர்கள்தான் சாந்தமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அவர்களுக்குத்தான் கோபம் அதிகம், இரைச்சலை அதிகம் பாய்ச்சியவர்களும் அவர்களே. இருப்பவர்களில் சாதுவாக நடந்துகொண்டது, சும்மா உட்கார்ந்திருந்த கூட்டம்.

ஏன் அப்படி? குக்கரில் ஆவி ஒரு பொருள். வெளியே போனால் உள்ளே குறைந்துதான் ஆக வேண்டும். கோபம் அப்படி அளந்து வைத்த சரக்கு இல்லை. அது விறகடுப்புத் தீ. கத்துவதும் குத்துவதும் ஊதாங்குழல் எடுத்து ஊதுகிற வேலை. உடம்பின் சூடு ஏறுகிறது, முகம் நினைவில் ஆழமாகப் பதிகிறது, இரண்டும் சேர்ந்து ‘என் கோபம் நியாயம்தான்’ என்று நமக்கே சாட்சி சொல்கின்றன. டால்ஃப் ஸில்மன் என்பவரும் கூட்டாளிகளும் 1972-இல் இன்னும் எளிமையாகக் காட்டினார்கள். சீண்டப்பட்டவர்களில் சிலரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதித்தவர்கள், சீண்டியவருக்கு மற்றவர்களைவிடப் பலமான மின்னதிர்ச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். சைக்கிளுக்கும் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மிதித்ததில் ஏறிய படபடப்பைக் கோபத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது மனது.

‘அதெப்படி, கத்தினால் எனக்கு நிம்மதியாக இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறதுதான், பொய்யில்லை. ஜாக் ஹோகன்சன் என்ற ஆய்வாளர் 1960-களில் இதைத்தான் ஆராய்ந்தார். தொல்லை கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுத்ததும் ஆண்களின் உடம்புப் படபடப்பு சீக்கிரம் இறங்கியது. பெண்களுக்கோ, பதிலுக்கு நட்பாக நடந்துகொண்டபோது இறங்கியது. இயற்கையே அப்படித்தான் போலிருக்கிறது என்று முடித்திருக்கலாம். அவர் இன்னொரு படி போனார். நட்பாக நடந்த ஆண்களுக்கும், திருப்பிக் கொடுத்த பெண்களுக்கும் பலன் கிடைக்கிற மாதிரி விளையாட்டை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் நிம்மதியும் இடம் மாறிவிட்டது. எது நமக்குப் பலன் தந்து பழகியதோ அதைச் செய்தால் நிம்மதி. வெற்றிலை போட்டுப் பழகியவருக்கு வெற்றிலையில் இருக்கிற நிம்மதி மாதிரிதான். அடுத்த முறை கை தானாகவே செல்லப்பெட்டியைத் தேடும்.

குக்கரைப் பற்றி எனக்கு ஒரு சொந்தக் குறையும் உண்டு. குக்கர் யாரைப் பார்த்து விசில் அடிக்கலாம் என்று ஆள் பார்ப்பதில்லை. முதலாளி சமையலறைக்குள் வந்தாலும் அடிக்கும். ‘கோபம் வந்தா என்ன செய்றேன்னே எனக்குத் தெரியாதுங்க’ என்று சொல்லி மனைவியை அடிப்பவர், மேலதிகாரியை ஒரு தடவைகூட அடித்ததில்லை. அங்கே எல்லாம் தெரிகிறது. அழுத்தம் தாங்காமல் வெடித்தேன் என்ற பேச்சு அவருக்கு ரொம்ப வசதி. கேட்கிற நாமும் உச்சுக்கொட்டி ஒத்துக்கொள்கிறோம். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாம் என்பது என் கட்சி.

பக்கத்தில் நின்று பார்க்கிற குழந்தை இதையெல்லாம் படித்துக்கொள்கிறது. ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் 72 குழந்தைகளைக் கொண்டு செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு தனியே விட்டபோது அதே அடி, அதே வார்த்தை. சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘அடியாத மாடு படியாது’ என்று பிரம்பெடுக்கும்போது பிள்ளை எதைப் படிக்கிறது என்பது நாம் நினைத்துப் பார்க்காத பாடம். கேத்தி விடம் என்ற ஆய்வாளர் 1989-இல் இன்னொரு கணக்கு வெளியிட்டார். சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவில் இருந்த 908 பேரை, அப்படிப் பதிவில்லாத 667 பேரோடு ஒப்பிட்டார். முதல் கூட்டத்தில் பின்னாளில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் அதிகம். ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: அடிபட்டவர்களில் பெரும்பாலோர் அப்படிக் கைதாகவில்லை. அடிபட்ட பிள்ளை அடிப்பவனாகத்தான் வளரும் என்று தலையில் எழுதிவிட வேண்டாம்.

அப்படியானால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதானா? இங்கேதான் பலரும் வழுக்குகிறோம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, ‘அவன் எப்படி அப்படிச் சொல்லலாம்’ என்று ராத்திரி முழுக்க அசைபோடுவதும் ஊதாங்குழல்தான். சத்தம் கேட்காது, அவ்வளவே. தமிழில் கோபத்துக்கு இரண்டு விதமாகப் பேசுகிறோம், கவனித்திருக்கிறீர்களா? ‘கொட்டித் தீர்த்தான்’ என்பது ஒரு விதம். ‘கோபம் தணிந்தது’, ‘மனசு ஆறட்டும்’ என்பது இன்னொன்று. தணிவதும் ஆறுவதும் தீக்கும் சூட்டுக்கும் உரிய வினைகள். 2024-இல் சோஃபி கியார்விக்கும் அதே புஷ்மனும் 154 ஆய்வுகளை, மொத்தம் 10,189 பேரை, ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். மூச்சை மெதுவாக்குவது, தியானம், யோகா என்று உடம்பின் சூட்டை இறக்குகிற வழிகளில் கோபம் குறைந்தது. சூட்டை ஏற்றுகிற வழிகளில் மொத்தத்தில் குறையவில்லை. ஓடிவிட்டு வா என்கிற ஆலோசனைகூடப் பலிக்கவில்லை. ஜாகிங்கில் கோபம் ஏறவே செய்தது. சூடு ஆறிய பிறகு சம்பந்தப்பட்டவரிடமே போய், ‘நீங்க செஞ்சது எனக்குப் பிடிக்கலை’ என்று பேசலாம், பேச வேண்டும். அது கொட்டுவதில் சேராது.

ஸ்கூட்டர்காரர் திரும்பி வந்தபோது நல்லவேளையாக ஆட்டோ போய்விட்டிருந்தது. மூவரும் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். ஒருவர் பெஞ்சை எட்டி உதைத்தார். மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. மூன்று டீ போட்டு, வழக்கத்தைவிட இரண்டு தரம் கூடுதலாக ஆற்றி, நீட்டினார். ஸ்கூட்டர்காரர் வாங்கும்போது கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது; கொஞ்சம் டீ சட்டையில் சிந்தியது. குடித்துவிட்டுப் பேசாமல் கிளம்பினார்கள். முதலில் பாதியோடு வைத்துவிட்டுப் போன டீயையும் சேர்த்து நாலு டீக்குக் காசு வாங்கிக்கொண்டார் மாஸ்டர்.