முயல் குட்டியும் ஒரு கனசதுரக் கணக்கும்

தாய் முயல் ஈன்ற குட்டிகளின் அருகில் இல்லையே என்று இரங்கி, அவற்றைத் தனித்தனியே எடுத்துப் பசும்பால் புகட்டுவோர் உண்டு. இந்த இரக்கமே குட்டிகளுக்கு எமனாகிவிடக் கூடும். ஏன்?

பிறந்த குட்டியின் எடை ஏறக்குறைய 50 கிராம். உடலில் ரோமம் இராது. கண் திறக்கப் பத்து நாட்கள் ஆகும். சிறிய உடலில், பருமனோடு ஒப்பிட்டால், மேற்பரப்பு மிகுதி. எனவே வெப்பம் விரைவில் வெளியேறும்.

1 செ.மீ. பக்கமுள்ள எட்டுக் கனசதுரங்களை எடுத்துக்கொள்வோம். தனித்தனியே இருந்தால் மொத்த மேற்பரப்பு 48 சதுர செ.மீ. ஒரே கனசதுரமாக அடுக்கினால் 24தான்! குட்டிகள் ஒட்டிப் படுப்பதன் இரகசியம் இதுவே. தாய் தன் ரோமத்தைப் பிடுங்கிக் கூட்டில் பரப்புகிறது. அதனிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்களே பாலூட்டும். குட்டியின் வயிறு உருண்டு, உடல் கதகதப்பாக இருந்தால் கவலை வேண்டாம்.

தாய் இறந்துவிட்டால்? அதே சமயத்தில் ஈன்ற வேறொரு முயலிடம் சேர்ப்பதே சிறந்தது. இயலாவிட்டால், முதலில் வெப்பம்; பிறகே பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. முயற்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். எனவே எந்தப் பால் ஏற்றது என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் புகலாம். குப்புற வைத்தே துளித்துளியாகப் புகட்ட வேண்டும். பின்னர் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றை மெல்லத் தடவினால் சிறுநீர் கழிய உதவும். தாய் நாவினால் செய்யும் வேலை இது!