ஜீப்பு ஒரு பக்கம் இழுத்தால் கோளாறு எந்தப் பக்கம்?

நமது தோட்டங்களில் ஓடும் ஜீப்புகளில் பல, அதில் ஏறிப் போகிறவர்களை விட வயதில் மூத்தவை. சீரிஸ் என்று சொல்லப்படும் பழைய லேண்ட் ரோவர் வகை 1948 முதல் 1985 வரைதான் செய்யப்பட்டது. ஆனால் எங்கள் மேல் டிவிசன் ரோட்டில் ஏறுவதற்கு இன்றைக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. 1990 அம்புலன்ஸ் கீழே பெரிய ரோட்டில் நிற்கும். வலி கண்ட பெண்ணை அதுவரை இறக்கிக்கொண்டு போவது இந்த ஜீப்புதான். ஆகவே இதன் பிரேக்கும் ஸ்டியரிங்கும் டிரைவருடைய விடயம் மட்டுமல்ல.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாயைப் பிரசவத்துக்கு இறக்கிப் போனபோது நாமும் பின்னால் இருந்தோம். கோயில் முடக்கில் பிரேக் அடித்ததும் வண்டி வலது பக்கம், அதாவது பள்ளத்துப் பக்கம் இழுத்தது. டிரைவர் கியரைக் குறைத்து எப்படியோ மண்மேட்டோரம் நிறுத்தினார். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் விசாரித்தால், கொழுந்து ஏற்றும் ஆட்கள் எல்லாருக்கும் அது ஒரு வாரமாகவே தெரியும். "இழுக்குதுனு தெரியுங்க ஐயா, டயர்ல காத்து இல்லனு நெனச்சோம்" என்றார்கள். நமது காதிலும் விழுந்துதான் இருந்தது. நாம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக் அடிக்காமல் சும்மா ஓடும்போதே இழுத்தால் டயர் காற்று, வீல் பேரிங், அல்லது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் காரணமாகலாம். பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால் கோளாறு பிரேக்கில். அதுவும் அநேகமாக இழுக்கும் பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில்! வலது வீல் நன்றாகப் பிடிக்கிறது, இடது வீல் பிடிக்கவில்லை, அதனால்தான் வண்டி வலதுக்குப் போகிறது. எங்கள் ஜீப்பிலும் கராஜ் பாஸ் இடது முன் வீலைக் கழற்றியபோது லைனர் முழுக்க ஒயிலில் ஊறிக் கிடந்தது. முன் வீல் திரும்பும் உருண்டைக்குள் ஒயில் இருக்கிறது. சீல் தேய்ந்தால் அந்த ஒயில் ட்றம்முக்குள் போய்விடும். காலையில் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தாலே இது தெரியும். வீலின் உட்பக்கத்துக்குக் கீழே கெட்டியாக, கறுப்பாக, நாற்றமாக இருந்தால் கியர் ஒயில். தண்ணீர் போல மெல்லிசாக, வழுக்கலாக இருந்தால் பிரேக் ஒயில். பிரேக் ஒயில் சொட்டினால் வண்டியை எடுக்கவே கூடாது. பழைய ஜீப்புகள் பலவற்றில் நாலு வீலுக்கும் ஒரே குழாய் வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் நாலு பிரேக்கும் போய்விடும்.

டிரைவரின் காலுக்கும் பல சங்கதி தெரியும். பெடல் ஆழமாகப் போய், இரண்டாம் தடவை மிதிக்கும்போது மேலே வந்தால் லைனர் தேய்ந்திருக்கிறது, அல்லது அட்ஜஸ்ட் பண்ண வேண்டியிருக்கிறது. பஞ்சு போல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. ஒயில் குறைந்தது என்று எஞ்சின் ஒயிலை ஊற்றுகிற பழக்கம் மிகவும் ஆபத்தானது. அது ரப்பர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

அடுத்து, ஜீப்பில் நாம் செய்யும் மாற்றங்கள். பழைய பெற்றோல் எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டுகிறார்கள். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால் அது எஞ்சின் காற்றை உறிஞ்சும் சக்தியில் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அந்த உறிஞ்சல் இல்லை. தனியாக வெக்யூம் பம்ப் வேண்டும். சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பிறகு காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். கல்லு மாதிரி அப்படியே நின்றால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி இறக்கத்தில் உருட்டிவிடும் டிரைவர்மார் இதைக் கவனிக்க வேண்டும். நாலைந்து மிதிக்குப் பிறகு அந்த உதவி கிடைக்காது.

பெரிய டயர் போட்டால் அதே பிரேக் பாரமான சக்கரத்தை நிறுத்த வேண்டும், நிற்கும் தூரம் கூடும். ஸ்டியரிங்கை முழுதாக வெட்டும்போது டயர் பிரேக் குழாயில் உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வில்லை உயர்த்தியிருந்தால், வீல் குழியில் தொங்கும்போது ரப்பர் குழாய் இழுபடும். ஜாக் வைத்துத் தூக்கிப் பார்த்தால்தான் அது தெரியும்.

ஸ்டியரிங் ஆட்டத்தைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நிற்கும் வண்டியின் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட, மற்றவர் பக்கத்தில் குனிந்து கம்பிகளைப் பார்க்க வேண்டும். ஒரு கம்பி அசைந்து அடுத்தது அசையாத இடத்தில்தான் தேய்வு. முன் வீலைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் வீல் திரும்பும் பின். குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கைக்குள் நிற்காமல் நடுங்கும் ஜீப்புக்குச் சிலர் டேம்பர் வாங்கிப் பூட்டுகிறார்கள். அது நடுக்கத்தை மறைக்கும், தேய்வை மாற்றாது.

இறக்கத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கருகல் வாசனை வந்தால் உடனே "டிரைவர் அண்ணே, நிப்பாட்டுங்க" என்று சொல்ல வேண்டும். கூச்சப்படக் கூடாது. டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஒயில் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை மாற்றச் சொல்வது அதனால்தான். ஏறிய கியரிலேயே இறங்குவதும் அதனால்தான். ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டாம். இந்த ஜீப்புகளில் அது வீலைப் பிடிப்பதில்லை, நடுவில் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. ஓடும்போது இழுத்தால் அதுவே உடையலாம்.

எங்கள் டிவிசனில் இப்போது டிஸ்பென்சரி மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. ஜீப்பில் போய் வந்த யாரும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாம் எழுதுகிறோம். எந்தப் பக்கம் இழுத்தது, பிரேக் அடிக்கும்போதா சும்மாவா, ஏற்றமா இறக்கமா என்று மட்டும் சொன்னால் போதும். இதுவரை மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு டயர் காற்று, ஒன்று பின் வீலில் பிரேக் ஒயில் ஒழுக்கு.