புலவருக்கு மெய்ப்பு திருத்திய முருகன்! தெரியுமா?

புது நூல் வந்தால் இப்போது என்ன நடக்கிறது? பல்கலைக்கழகத்துப் புத்தகக் கடையில் பத்து நாற்காலி போடுகிறார்கள். எழுத்தாளர் நான்கு பக்கம் வாசிக்கிறார், கைதட்டல், கையெழுத்து, டீ, பிஸ்கட்! இதெல்லாம் நேற்று வந்த பழக்கம் என்று நினைக்கிறீர்களா? பஸ் ஏறிக் காஞ்சிபுரத்தில் இறங்குங்கள். பட்டுக்கும் இட்லிக்கும் பேர்போன அந்த ஊரில், நூல் வாசித்த கதை தெருவுக்குத் தெரு கிடக்கிறது!

போகாதே என்று சொல்லிவைத்தும் போனவர்!

காஞ்சிக்குள் நுழையும் முன் ஒரு பழைய கதை. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் தொல்காப்பியம். அதுவே ஒரு சபையில் வாசித்து ஒப்புதல் வாங்கிய நூல்தான்! பாண்டியன் அவையில் அதைக் கேட்டுச் சரிபார்த்தவர் அதங்கோட்டாசான். இதை நமக்குச் சொல்வது பனம்பாரனார் எழுதிய பாயிரம். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இன்னொரு சங்கதியும் சொல்கிறார். "அந்த நூலைக் கேட்கப் போகாதே" என்று அகத்தியரே அதங்கோட்டாசானிடம் சொல்லிவைத்திருந்தாராம்! தொல்காப்பியர் அழைப்பையும் தட்ட முடியாமல் போய் உட்கார்ந்தவர், குறை மேல் குறையாகச் சொல்ல, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லித் தீர்த்தாராம்.

படிக்க வந்தவர் பட்டம் சூடினார்!

பல்கலைக்கழகம் என்ற சொல் வருவதற்கு முன்பே காஞ்சியில் 'கடிகை' என்ற உயர்கல்விக் கூடம் இருந்தது. வேதம் படித்து முடிக்க அங்கே வந்த மாணவர் ஒருவர், பல்லவக் குதிரை வீரனோடு சண்டை மூண்டதில் கோபித்துக்கொண்டு வாளைத் தூக்கிவிட்டார்! அவர் பெயர் மயூரசர்மன். கர்நாடகத்தில் கதம்ப அரச வம்சத்தையே தொடங்கியவர். தாளகுண்டா கல்வெட்டு இதைச் சொல்கிறது.

பாட்டுக்காக ஊரைவிட்டுக் கிளம்பிய பெருமாள்!

"என்னைப் பற்றிப் பாடு" என்றான் பல்லவ மன்னன். "மனிதரைப் பாடமாட்டேன்" என்றார் கணிகண்ணன். ஊரைவிட்டுப் போ என்று உத்தரவு! சீடன் கிளம்ப, குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். சும்மா போனாரா? திருவெஃகா பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவரும் வந்துவிட்டார்! மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் 'ஓரிருக்கை', இன்றைய ஓரிக்கை என்பார்கள். மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகே திரும்பினார்கள். அன்றிலிருந்து அவர் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்'.

இரவில் மெய்ப்பு, பகலில் வழக்கு!

காமாட்சி கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் நடுவே குமரகோட்டம். அங்கே பூசை செய்த கச்சியப்ப சிவாச்சாரியார் எழுதியது கந்தபுராணம். ஆறு காண்டம், பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு! தினம் நூறு பாட்டு எழுதிக் கருவறையில் வைத்துக் கதவைச் சாத்துவாராம். காலையில் திறந்தால் முருகனே திருத்தம் போட்டிருப்பாராம்! இப்படி ஒரு மெய்ப்புத் திருத்துநர் எந்தப் பதிப்பகத்துக்குக் கிடைப்பார்?

அப்படியும் அரங்கேற்றத்தில் முதல் பாட்டிலேயே தகராறு! ழகரமும் தகரமும் சேர்ந்து டகரம் ஆகுமா, இலக்கணம் காட்டு என்று ஒரு புலவர் மடக்கினார். முருகன் எடுத்துக் கொடுத்த அடி என்று சொல்லியும் சபை விடவில்லை. பிறகு சோழநாட்டுப் புலவர் வேடத்தில் முருகனே வந்து வீரசோழியம் என்ற இலக்கண நூலைப் பிரித்து விதியைக் காட்டி மறைந்தார் என்பது கதை. வியப்பு எங்கே என்றால், வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரர் ஒரு பௌத்தர்! சைவப் புராணத்துக்குப் பௌத்தர் நூல் சாட்சி! அரங்கேற்ற மண்டபத்தைக் குமரகோட்டத்தில் இன்றும் பார்க்கலாம்.

ஒரு நூல், இரண்டு கை!

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை என்று ஒன்று உண்டு. அதில் உடலும் கரையும் தனித்தனி. மூன்று நாடா, தறியில் இரண்டு ஆள். காஞ்சிப் புராணமும் அப்படித்தான்! முதல் காண்டம் குரு சிவஞான முனிவர், இரண்டாம் காண்டம் சீடர் கச்சியப்ப முனிவர். "எங்கள் ஊர்ப் புராணத்தில் தில்லை நடராசருக்கு ஏன் முதல் வணக்கம்?" என்று ஊரார் கேட்டார்களாம். சீடர் அங்கிருந்த ஓதுவாரைத் தேவாரம் பாடச் சொன்னார். அவர் வழக்கம்போல் 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்கினார். அது தில்லை! கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

பிழைதிருத்தம் வேண்டாம், ஆறே நகரட்டும்!

ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடக்காது. ஏகாம்பரநாதர் உலா பாடிய இரட்டைப் புலவர்கள்தான்! திருவாமாத்தூர்க் கலம்பகத்தில் கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்கள். சபை சும்மா விடுமா? ராத்திரி வெள்ளம் வந்து, பாட்டுக்கு ஏற்றபடி ஆறே போக்கை மாற்றிக்கொண்டதாம்!

1943இல் ஒரு கேள்வி!

பெரியபுராணம் சிதம்பரத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை வாசிக்கப்பட்டது என்பார்கள். கம்பராமாயணம் அரங்கேறியது திருவரங்கத்தில். இரண்டையும் கொளுத்த வேண்டும் என்று, பல நூற்றாண்டு கழித்து, ஒரு காஞ்சிபுரத்துக்காரர் மேடை ஏறினார். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா! 1943 பிப்ரவரியில் சென்னையில் எதிர்வாதம் செய்தவர் பல்கலைக்கழகத் தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை. மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். இரண்டு விவாதமும் 'தீ பரவட்டும்' என்று நூலாகின. கொளுத்தச் சொன்ன பேச்சும் புத்தகமாகிக் கடைக்கு வந்துவிட்டது!

கவனித்தீர்களா? தெய்வமே அடி எடுத்துக் கொடுத்தாலும் காஞ்சிக்காரர்கள் "இலக்கணம் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். ஆகவே அடுத்த வாசிப்புக் கூட்டத்தில் எழுத்தாளர் நிமிர்ந்து "கேள்வி உண்டா?" என்றால் போனுக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள். அது அதங்கோட்டாசான் உட்கார்ந்த இடம். கையைத் தூக்குங்கள், டீ ஆறினால் ஆறட்டும்!