மேடைக் கால் ஏன் வளைந்தது?

சென்ற பொங்கல் விழாவுக்கு முந்தைய இரவு, நம் மேடைக் கூரையைத் தாங்கிய மரக்கால்களுள் ஒன்று வில்லாக வளைந்து நின்றதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "மட்டமான மரம், நல்ல சரக்காக வாங்கியிருக்க வேண்டும்" என்று பேசியவர்களுள் நானும் ஒருவன். தச்சரோ மரத்தைப் பழிக்கவில்லை. கால்களின் நடு உயரத்தில் இரு திசையிலும் குறுக்குச் சட்டம் அடித்தார், வளைவு அடங்கியது. பௌதிகம் பயிலும் எனக்கு அன்று உண்டான வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மரத்தூண் இரு வகையில் கெடும். குட்டைத் தூண் நசுங்கும். நெடிய தூணோ நசுங்கும் பாரம் வருமுன்பே பக்கவாட்டில் நெளிந்துவிடும். நெளிவின் கணக்கை ஆய்லர் என்னும் கணித மேதை 1744-ல் வெளியிட்டார். அதன்படி உயரம் பாதியானால் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும். தச்சர் செய்தது இதுவே. சதுரத் தூணின் பக்கம் இரு மடங்கானாலோ பாரம் பதினாறு மடங்காகும்! ஆதலின் அரை அங்குலமும் அற்பமன்று. அமெரிக்காவில் 'நாலுக்கு நாலு' என்று விற்கும் சட்டம், உலர்த்தி இழைத்தபின் உண்மையில் மூன்றரை அங்குலமே இருக்கும். பெயரை நம்பிக் கணக்கிட்டால் நெளிவைத் தாங்கும் வலிமையை 1.7 மடங்காக மிகைப்படுத்திவிடுவோம்.

இனித் தரம். முடிச்சு, நாரின் சாய்வு, வெடிப்பு ஆகியவற்றைப் பார்த்தே மரத்தைத் தரம் பிரிக்கிறார்கள். நம் நாட்டு ஐ.எஸ். 883 விதியில் முதல் தரத்தின் வலிமையை 1 என்று கொண்டால், தேர்ந்த தரம் 1.16, இரண்டாம் தரம் 0.84.

அமெரிக்க அட்டவணையில் ஒரு வேடிக்கை உண்டு. டக்ளஸ் ஃபர்-லார்ச் வகையில் இரண்டாம் தரச் சிறு சட்டத்துக்கு, நசுக்கத்தில் அனுமதிக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,350 ராத்தல். 'நாலுக்கு நாலு'க்கு அதன்மேல் 15 சதவிகிதம் கூட்டிக்கொள்ளலாம். ஐந்தங்குலமும் அதற்கு மேலுமான பருங்கால்களுக்கோ, அதே மரம், அதே தரப்பெயர், ஆனால் 700 ராத்தல்தான்! பருங்கால்களைத் தரம் பிரிக்கும் விதிகளே வேறு. சிறு சட்டங்களின் எண்கள், முழு அளவுச் சட்டங்களையே முறித்துப் பார்த்து 1991-ல் திருத்தப்பட்டவை. பருங்கால்களின் எண்கள் குறையற்ற சிறு துண்டுகளின் சோதனையிலிருந்து கணித்தவை. மேலும், பருமரம் உள்ளும் புறமும் ஒருசேர உலராமல் வெடிக்கும்.

இவ்விதிப்படி நானே கணக்கிட்டுப் பார்த்தேன். நெளிவுக்கு இடமில்லாத குட்டைத் துண்டாயின், மூன்றரை அங்குலக் கால் ஏறத்தாழ 19,000 ராத்தலும், ஐந்தரை அங்குலக் கால் 21,000 ராத்தலும் தாங்கும். குறுக்குப் பரப்பு இரண்டரை மடங்கு. கிடைத்த இலாபமோ அற்பம். எட்டடி உயரமாக நிறுத்தினால் நிலைமை தலைகீழ்: சிறியது 7,000-க்கு இறங்கிவிடும், பெரியது 18,000-க்குக் குறையாது. அந்தச் சிறிய காலையே இரண்டாம் தரத்துக்குப் பதில் மிக உயர்ந்த தரத்தில் வாங்கியிருந்தாலும் 8,300 ராத்தலைத்தான் எட்டும். நெளிவில் பேசுவது மரத்தின் விறைப்பு. தரம் உயர்வதால் விறைப்பு சிறிதே கூடுகிறது.

குட்டையான தாங்குகட்டை வாங்கும்போது முடிச்சுகளை எண்ணிப் பார்க்கலாம். நம் மேடைக் கால்கள் பத்தடி. இவ்வாண்டு மரவாடிக்குச் செல்லும் செயற்குழு அன்பர்கள் அளவு நாடாவை மறவாமல் எடுத்துச் செல்க. குறுக்குச் சட்டத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குக.