துரத்தும் சிவப்பு விளக்கும் தப்பும் வண்டியும்

காவலர் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் வண்டியை விரட்டிச் செல்வதை, விளைந்த ஆபத்தின் அளவைக் கொண்டு படிப்படியாகத் தண்டிக்கும் சட்டங்களுள் அமெரிக்காவின் கலிஃபோர்னிய மாநில வாகனச் சட்டம் ஊன்றிப் படிக்கத்தக்கது. அதன் 2800.1ஆம் பிரிவின்படி, தப்பும் நோக்கத்தோடு ஓட்டியவருக்கு உள்ளூர்ச் சிறையில் ஓராண்டு வரை தண்டனை விதிக்கலாம். ஆனால் துரத்திய வண்டியின் முன்புறத்தில் ஓட்டுநர் காணும்படி சிவப்பு விளக்கு எரிந்தது, தேவைக்கேற்ப சைரன் ஒலித்தது, வண்டி தனித்துத் தெரியும் அடையாளம் கொண்டிருந்தது, அதை ஓட்டியவர் சீருடையில் இருந்தார் என்ற நான்கையும் அரசுத் தரப்பு மெய்ப்பித்தாக வேண்டும். விளக்கும் சைரனும் மட்டுமே அந்த அடையாளம் ஆகிவிடா என்றும், காவல்துறை வண்டி எனப் பிரித்தறியத்தக்க வேறொரு கூறாவது கண்ணில் பட வேண்டும் என்றும் மாநில உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. இரவில் பின்தொடர்வது காவலரா கொள்ளையரா என்று அஞ்சும் ஓட்டுநருக்கு இது நியாயமான காப்பு.

பிறர் உயிரையோ உடைமையையோ பொருட்படுத்தாமல் ஓட்டியிருந்தால் 2800.2ஆம் பிரிவு பாய்கிறது. இதன்கீழ் மாநிலச் சிறைத் தண்டனையோ, உள்ளூர்ச் சிறையில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையோ, 1,000 முதல் 10,000 டாலர் வரை அபராதமோ விதிக்கப்படலாம். தப்பும்போது மூன்று போக்குவரத்து விதிகளை மீறினாலே அலட்சியம் மெய்ப்பிக்கப்பட்டதாகும் என்று இப்பிரிவு சேர்த்துக் கொண்டதுதான் பிழையாய் முடிந்தது. கொடிய குற்றம் ஒன்றைச் செய்கையில் ஒருவர் இறந்தால், கொல்லும் எண்ணம் இல்லாதபோதும் அதைக் கொலையாகக் கொள்ளும் கோட்பாடு ஒன்று அங்கு இருந்தது. திருட்டு வண்டியில் தப்பியவர் மோதி ஓர் உயிர் போன வழக்கில் அக்கோட்பாடு பொருந்தாது என 2005இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. சைகை காட்டாமல் திரும்புவது, நிறுத்தக் குறியில் முழுமையாக நிற்காதது போன்ற மீறல்களும் அந்த மூன்றில் அடங்கக்கூடும் என்பதால், இக்குற்றம் இயல்பிலேயே உயிராபத்தானது அன்று என்பதே அதன் காரணம். குற்றத்தை மெய்ப்பிப்பதை எளிதாக்க விரும்பி வலையை அகலமாக விரித்த சட்டமன்றம், கடுமை மிகவும் வேண்டிய இடத்தில் அதை இழந்தது.

கடுங்காயம் விளைந்தால் மாநிலச் சிறையில் 3, 5 அல்லது 7 ஆண்டும், உயிர் போனால் 4, 6 அல்லது 10 ஆண்டும் விதிக்க 2800.3ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அச்சத்தில் மிதிப்பவர் ஆண்டுக் கணக்குப் பார்ப்பதில்லை; துரத்தலைத் தொடர்வதா கைவிடுவதா என்று நிதானித்து முடிவெடுக்கும் வாய்ப்பு காவலருக்கே மிகுதி. எப்போது துரத்துவது, எப்போது விடுவது என்று எழுத்தில் வகுத்து, ஆண்டுதோறும் பயிற்சியளிக்கும் காவல் அமைப்பு, தப்பியோடியவரின் வண்டி விளைவித்த சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என 17004.7ஆம் பிரிவு விலக்களிக்கிறது. கொள்கையைப் படித்தறிந்ததாகக் காவலர் அனைவரும் சான்றொப்பமிட வேண்டும் என்று அமைப்பு விதித்திருந்தால் போதும், ஒருவர் விடாமல் ஒப்பமிட்டதைக் காட்டத் தேவையில்லை என 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனையைத் தளர்த்தியது. தப்பியவர் சிறை செல்லலாம். சாலையோரத்தில் அடிபட்ட வழிப்போக்கரின் மருத்துவச் செலவை அவரிடமிருந்து பெறும் வழியோ அரிது. அச்செலவுக்கான பொறுப்பிலிருந்து காவல் அமைப்பு இவ்வளவு எளிதாக விலகிக்கொள்ள இடமளிப்பதே இச்சட்டத்தில் முதலில் திருத்தப்பட வேண்டிய பகுதி.